தைப்பூசப் பேருந்தில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் எத்தனை பேருக்குத் தொற்றும்?

கேள்வி இதுதான்: மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து தைப்பூசத்துக்குக் கோலாலம்பூர் அருகே உள்ள பத்துமலை போகிறது ஒரு பேருந்து. 44 பேர். அதில் ஒருவருக்குச் சளிக்காய்ச்சல் இருந்தால் எத்தனை பேருக்குத் தொற்றும்? திரும்பி வந்த பிறகு ஊரில் பரவுமா? கணக்கு போட்டுச் சொல்ல முடியுமா? கோயில் நிர்வாகம் பேருந்தையே நிறுத்திவிடுவது நல்லதா?

கணக்கு போட முடியும். ஆனால் இது ஒரு கணக்கு இல்லை, மூன்று. நோயாளி பேருந்தில் ஏறுவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பது ஒன்று. ஏறிய பிறகு உள்ளே நடப்பது இன்னொன்று. எல்லாரும் இறங்கி வீட்டுக்குப் போன பிறகு ஊரில் நடப்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே ‘ஆர் எண்’ணில் (ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குப் பரப்புகிறார் என்ற எண்) போட்டுக் கலக்கினால் விடை குழம்பும்.

முதல் கணக்கு எளிது. ஊரில் ஒரு நாளில் புதிதாக நோய் வருபவர்கள் எத்தனை பேர் என்பதை, ஒருவர் எத்தனை நாள் நோயைப் பரப்புவார் என்பதால் பெருக்க வேண்டும். 20,000 பேர் உள்ள பட்டணத்தில் நாளுக்கு 10 பேர், ஆளுக்கு 5 நாள் என்றால் 50 பேர், நூற்றுக்கு 0.25. பேருந்தின் 44 பேரில் அப்படி ஒருவராவது இருக்கும் வாய்ப்பு, 1-லிருந்து 0.9975-இன் 44-ஆம் அடுக்கைக் கழித்தால் வருவது: சுமார் 10 விழுக்காடு. நூற்றுக்கு ஒருவர் நோயாளி என்று ஆகிவிட்டால் அதே பேருந்தில் வாய்ப்பு 36 விழுக்காடு. இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, கிளினிக்கில் பதிவான எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்வது. பனடோல் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர் அந்தப் பதிவில் இல்லை. பதிவானது மூன்றில் ஒரு பங்கு என்று வைத்து ஒரு முறையும் பத்தில் ஒரு பங்கு என்று வைத்து ஒரு முறையும் போட்டுப் பாருங்கள். உண்மை பெரும்பாலும் இரண்டு விடைக்கும் நடுவில் இருக்கும்.

இரண்டாவது கணக்குதான் நீங்கள் உண்மையில் கேட்டது. மூடிய இடத்தில் காற்றின் வழியாகப் பரவும் நோய்க்கு வெல்ஸ்-ரைலி சமன்பாடு இருக்கிறது. 1978-இல் அமெரிக்கப் பள்ளி ஒன்றில் தட்டம்மை பரவியதை ஆராய்ந்தபோது அது இன்றைய வடிவத்துக்கு வந்தது. அதில் அளவு ‘குவாண்டம்’. ஒரு இடத்தில் உள்ள ஒவ்வொருவரும் சராசரியாக ஒரு குவாண்டம் சுவாசித்தால் அவர்களில் 63 விழுக்காட்டினருக்கு நோய் தொற்றும். வைரஸ்களை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. அதனால்தான் இந்த மறைமுக அளவு.

ஒருவர் உள்ளே இழுக்கும் அளவு என்பது, நோயாளி ஒரு மணி நேரத்தில் வெளியிடும் குவாண்டா (குவாண்டத்தின் பன்மை), மற்றவர் ஒரு மணி நேரத்தில் சுவாசிக்கும் காற்று, பயண நேரம் ஆகிய மூன்றையும் பெருக்கி, அதைப் பேருந்துக்குள் மணிக்கு எவ்வளவு வெளிக்காற்று வருகிறது என்பதால் வகுத்தது. உட்கார்ந்திருப்பவர் மணிக்குச் சுமார் அரைக் கன மீட்டர் காற்றைச் சுவாசிப்பார். தப்பும் வாய்ப்பு e-யின் (−அளவு) அடுக்கு; அதை 1-லிருந்து கழித்தால் தொற்றும் வாய்ப்பு. அளவு 0.1 என்றால் தொற்றும் வாய்ப்பு 10 விழுக்காடு; 0.5 என்றால் 39. 1 என்றால் 63. 3 என்றால் 95. அளவு இரட்டிப்பானால் நோயாளிகளும் இரட்டிப்பாவார்கள் என்று நினைக்கக்கூடாது. மேலே போகப் போக வளைகோடு படுத்துவிடும்.

நோயாளி வெளியிடும் அளவுக்கு எண் எங்கே கிடைக்கும்? நடந்துபோன சம்பவங்களிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான சம்பவம் சீனாவில் செஜியாங் மாநிலத்தில் நடந்தது. 2020 ஜனவரி 19 அன்று புத்தர் கோயில் வழிபாட்டுக்கு இரண்டு பேருந்துகள் புறப்பட்டன. ஒன்றில் 60 பேர், மற்றதில் 68 பேர். இரண்டாவது பேருந்தில் ஒருவருக்குக் கோவிட். போக 50 நிமிடம், வர 50 நிமிடம். ஏர்கோன் உள்காற்றையே சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தது. அவரோடு பயணித்த 67 பேரில் 23 பேருக்குத் தொற்றியது. முதல் பேருந்தில் ஒருவருக்கும் இல்லை. அருகில் உட்கார்ந்தவர், தூரத்தில் உட்கார்ந்தவர் என்ற பெரிய வித்தியாசமும் தெரியவில்லை. காற்று பேருந்து முழுவதும் கலந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

கணக்கைப் பாருங்கள். தொற்றாமல் தப்பியவர்கள் 67-க்கு 44. 67-ஐ 44-ஆல் வகுத்து இயல் மடக்கை (ln) எடுத்தால் 0.42. அதுதான் ஒவ்வொருவரும் இழுத்த சராசரி அளவு. 100 நிமிடத்துக்கு 0.42 என்றால் மணிக்குச் சுமார் 0.25. இதிலிருந்து நோயாளி மணிக்கு இத்தனை குவாண்டா விட்டார் என்று மட்டும் தனியாகச் சொல்லிவிட முடியாது. அவர் விட்டதற்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள விகிதம்தான் வெளிவரும். வெளிக்காற்று மணிக்கு 200 கன மீட்டர் என்று வைத்தால் அவர் 100 விட்டிருக்க வேண்டும். 400 என்று வைத்தால் 200. ஆகவே ஓர் ஆய்விலிருந்து குவாண்டா எண்ணை எடுத்து, இன்னோர் இடத்திலிருந்து காற்றோட்ட எண்ணை எடுத்துச் சேர்க்கும்போது கவனம் வேண்டும். இரண்டும் ஒரே அனுமானத்தில் பிறந்தவையாக இல்லாவிட்டால் விடை பத்து மடங்கு தவறலாம்.

சுங்கை சிப்புட்டிலிருந்து பத்துமலைக்கு மூன்று மணி நேரம் என்று வைப்போம். வண்டிக்குள் சுமார் 50 கன மீட்டர் காற்று. ஏர்கோன் உள்சுற்றில் ஓடினால் வெளிக்காற்று மணிக்கு 200 கன மீட்டர் என்று கொள்ளலாம். சீனப் பேருந்தில் கிடைத்த மணிக்கு 0.25-ஐயே எடுத்தால், அளவு 0.25 பெருக்கல் 3, அதாவது 0.75. வாய்ப்பு 53 விழுக்காடு. மற்ற 43 பேரும் எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் என்றால் 23 பேர். அதே ஆளோடு திரும்பியும் வந்தால் அளவு 1.5, மொத்தம் 33 பேர். வெளிக்காற்று வரும் வழியையும் கூரைக் கதவையும் திறந்து காற்றை 800-க்கு உயர்த்தினால், போக வர இரண்டுக்கும் சேர்த்து அளவு 0.375, 13 பேர். அதோடு முகக்கவரியும் சேர்ந்து, நோயாளி வெளியிடுவது பாதியாகவும் மற்றவர் இழுப்பது 30 விழுக்காடு குறைவாகவும் ஆனால் 5 பேர். நோயாளி ஏறவே இல்லை என்றால் யாருக்கும் இல்லை.

இந்த எண்களோடு மூன்று எச்சரிக்கைகளைச் சேர்த்தே படிக்க வேண்டும்.

முதலாவது, அந்தச் சீனப் பேருந்து உலகுக்குத் தெரிந்ததே 23 பேருக்குத் தொற்றியதால்தான். யாருக்கும் தொற்றாமல் போன ஆயிரக்கணக்கான பேருந்துகளைப் பற்றி யாரும் ஆய்வுக் கட்டுரை எழுதவில்லை. பெரும்பாலான நோயாளிகள் யாருக்குமே பரப்புவதில்லை, சிலர் மட்டும் கூட்டம் கூட்டமாகப் பரப்புகிறார்கள். இந்த ஏற்றத்தாழ்வை ஒரு சிதறல் எண்ணால் குறிப்பார்கள்; எண் சிறியதாக இருந்தால் ஏற்றத்தாழ்வு அதிகம். சார்ஸ் நோய்க்கு அது 0.16 என்று கணக்கிடப்பட்டது. ஒருவர் சராசரியாக 2 பேருக்குப் பரப்புகிறார், சிதறல் 0.16 என்று போட்டால், நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் ஒருவருக்கும் பரப்ப மாட்டார்கள். எல்லாரும் ஒரே மாதிரி என்று வைத்தால் அந்த எண் 14-க்குக் கீழே இறங்கிவிடும். ஆகவே ‘23 பேர்’ என்பதை ‘மோசமான ஆள் ஏறினால் 23’ என்று புரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, குரல். அமைதியாக உட்கார்ந்திருப்பவரைவிட உரக்கப் பேசுபவரும் பாடுபவரும் பல மடங்கு நுண்துளிகளை வெளியிடுகிறார்கள். உருமி அடித்துக்கொண்டு, ‘வேல் வேல்’ முழக்கத்தோடு மூன்று மணி நேரம் போகும் பேருந்தில் மேலே சொன்ன 0.75 எளிதாக 3 ஆகிவிடும். அப்போது 95 விழுக்காடு. காற்றை நான்கு மடங்கு கூட்டினாலும் பழைய 53-க்குத்தான் திரும்பும். வளைகோடு படுத்துவிடும் என்று முன்பு சொன்னதன் விளைவு இது. பாட்டை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பாடுவதற்குப் பத்துமலையில் திறந்தவெளி இருக்கிறது.

மூன்றாவது, ஒரே வீட்டுக்காரர்கள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் ஒரே வரிசையில் வந்தால், பேருந்து இல்லாவிட்டாலும் வீட்டிலேயே தொற்றியிருக்கும். அவர்களைப் பேருந்துக் கணக்கில் எழுதக்கூடாது.

காற்றோட்டம் 200-ஆ 800-ஆ என்று ஓட்டுநரைக் கேட்டுப் பயனில்லை. கரியமில வாயு அளக்கும் சிறு கருவி ஒன்று போதும். வண்டியின் நடுவில், உட்கார்ந்திருப்பவரின் தலை உயரத்தில், யாருடைய மூச்சும் நேராகப் படாத இடத்தில் வையுங்கள். புறப்படுமுன் வெளியில் 420 பிபிஎம்மை (பத்து லட்சம் பங்கு காற்றில் இத்தனை பங்கு) ஒட்டிக் காட்டுகிறதா என்று சரிபாருங்கள். கிளம்பி 45 நிமிடம் கழித்து வரும் எண்ணைத்தான் எடுக்க வேண்டும். அதற்கு முன் அளவு ஏறிக்கொண்டே இருக்கும். 44 பேர் உட்கார்ந்த வண்டியில் 200 கன மீட்டர் காற்றுக்கு 4,400 பிபிஎம் அளவில் வரும், 800-க்கு 1,400. காட்டும் எண்ணிலிருந்து 420-ஐக் கழித்து 38,000-ஆல் (வெளிவிடும் மூச்சில் உள்ள கரியமில வாயு, பிபிஎம்மில்) வகுத்தால், நீங்கள் இழுக்கும் காற்றில் எவ்வளவு பங்கு ஏற்கனவே ஒருவர் நுரையீரலில் இருந்து வந்தது என்று தெரியும். 4,400-இல் அது பத்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேல்.

வழியில் தாப்பா ஓய்வுத் தளத்தில் இறங்கினால் என்ன பயன் என்றும் கேட்கலாம். எல்லாரும் இறங்கி, கதவுகளைத் திறந்து, பத்து நிமிடம் காற்றாட விட்டால் உள்ளே சேர்ந்தது வெளியேறிவிடும். ஆனால் மணிக்கு நான்கு முறை காற்று மாறும் வண்டியில் அது மறுபடி சேர அதிக நேரம் பிடிக்காது. மிச்சமாவது 15 நிமிடப் பயணத்துக்குச் சமமான அளவு, அவ்வளவுதான். மூன்று மணி நேரத்தில் 8 விழுக்காடு. நல்லது, ஆனால் காற்று வழியைத் திறப்பதற்கு ஈடாகாது. எஞ்சினை நிறுத்திவிட்டு ஆட்களை உள்ளேயே உட்கார வைப்பதுதான் ஆபத்து. 1977-இல் அலாஸ்காவில் எஞ்சின் கோளாறால் 54 பேரோடு ஒரு விமானம் மூன்று மணி நேரம் தரையில் நின்றது. காற்றோட்டம் ஓடவில்லை, பெரும்பாலானோர் உள்ளேயே இருந்தார்கள், ஒரு பயணிக்குச் சளிக்காய்ச்சல். 72 மணி நேரத்துக்குள் பயணிகளில் 72 விழுக்காட்டினர் படுத்துவிட்டார்கள்.

தட்டம்மை வேறு ரகம். 1978 ஆய்வில் அந்தப் பள்ளியின் முதல் நோயாளி மணிக்குச் சுமார் 5,500 குவாண்டா வெளியிட்டதாகக் கணக்கு வந்தது. அதை நம் பேருந்தில் போட்டால் அளவு 41. காற்றை நான்கு மடங்கு கூட்டினால் 10. இரண்டிலும் தடுப்பு இல்லாத எல்லாருக்கும் தொற்றும். ஆக, தட்டம்மைக்கு ஜன்னலைப் பற்றிப் பேசி நேரத்தைக் கடத்த வேண்டாம். தடுப்பூசிப் புத்தகத்தைப் பாருங்கள். இரண்டு ஊசி போட்டவர்களில் 97 விழுக்காட்டினருக்குப் பாதுகாப்பு உண்டு. மலேசியாவில் அவை 9 மாதத்திலும் 12 மாதத்திலும் போடப்படுகின்றன. மடியில் வரும் எட்டு மாதக் குழந்தைக்கு அந்தப் பாதுகாப்பு இன்னும் கிடைத்திருக்காது என்பதை நிர்வாகம் மறந்துவிடக்கூடாது.

இப்போது மூன்றாவது கணக்கு. கெர்மாக், மெக்கென்ட்ரிக் இருவரும் 1927-இல் வெளியிட்ட மாதிரிதான் இன்றும் அடிப்படை. (மெக்கென்ட்ரிக் இந்தியாவில் கசௌலி பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றியவர், காலனி நாட்டு நோய்களைப் பார்த்துப் பிறந்த கணிதம் இது.) ஊர் மக்களை நான்கு பெட்டியாகப் பிரிக்கிறோம்: நோய் வராதவர், தொற்றி இன்னும் பரப்பத் தொடங்காதவர், பரப்புபவர், தேறியவர். எக்செல்லில் நான்கு பத்தி, ஒரு வரிக்குக் கால் நாள். ஒரு வரிக்கு ஒரு நாள் என்று போடாதீர்கள். சளிக்காய்ச்சலில் இரண்டு நாள்தான் மறைவுக் காலம் (தொற்றியும் இன்னும் பரப்பாத காலம்), முழு நாள் படி அதற்கு மிகவும் முரடு. பேருந்து திரும்பும் வரியில், புதிதாகத் தொற்றியவர்களை இரண்டாவது பெட்டியில் சேர்க்க வேண்டும். பரப்புபவர் பெட்டியில் சேர்த்தால் அலை இரண்டு நாள் முன்னதாக வந்துவிடும்.

இங்கேதான் பயணத்தைப் பற்றிய மிக முக்கியமான விஷயம் இருக்கிறது. ஊருக்குள் ஆர் எண் 1-க்குக் கீழே இருந்தால், வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு நோயாளியும் கணக்கில் நிற்பார். ஆர் 0.8 என்றால் ஒருவர் தன்னையும் சேர்த்துச் சராசரியாக 5 பேரில் முடிப்பார். பேருந்திலிருந்து 20 பேர் இறங்கினால் மொத்தம் 100; 4 பேர் இறங்கினால் 20. பேருந்தில் தடுத்தது ஊரில் அப்படியே மிச்சமாகிறது. ஆர் 1-க்கு மேலே இருந்தால் கதை மாறிவிடும். சளிக்காய்ச்சலுக்கு ஆர் 1.3, மறைவுக் காலம் 2 நாள், பரப்பும் காலம் 4 நாள் என்று போட்டால், நோயாளிகள் இரட்டிப்பாக 15 நாள் ஆகும். 20-க்குப் பதில் 5 பேர் இறங்கினால் இரண்டு இரட்டிப்பு, ஏறக்குறைய ஒரு மாதம் தள்ளிப்போகும். அலை வருவது வரும். உச்சமும் கிட்டத்தட்ட அதே உயரம். அந்த ஒரு மாதத்தில் முதியவர்களுக்குத் தடுப்பூசி போட்டு முடிக்கிறீர்களா என்பதுதான் பயன்.

பயணத்தைப் பாதியாகக் குறைத்தால் ஒரு இரட்டிப்புக் காலம் கிடைக்கும். பத்தில் ஒன்றாகக் குறைத்தால் 3.3 இரட்டிப்பு. நான்கு நாளில் இரட்டிப்பாகும் நோய்க்கு அது 13 நாள். 2020 மார்ச் 18-இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது மாநில எல்லை மூடப்பட்டது மட்டும் நோயை இறக்கவில்லை. ஊருக்குள் சந்திப்பு குறைந்து ஆர் கீழே வந்ததுதான் இறக்கியது. எல்லை மூடல் அதற்கு நேரம் வாங்கித் தந்தது.

எந்த ஊருக்கு முதலில் போகும் என்பதற்கு வரைபடத்தில் கிலோமீட்டர் பார்க்கக்கூடாது. 2013-இல் புரோக்மன், ஹெல்பிங் இருவரும் ‘பயன்படு தூரம்’ என்ற அளவைத் தந்தார்கள்: ஓர் ஊரிலிருந்து புறப்படுபவர்களில் எத்தனை பங்கு அங்கே போகிறார்களோ, அதன் மடக்கையை 1-லிருந்து கழிப்பது. உதாரணத்துக்குச் சுங்கை சிப்புட்டிலிருந்து போகிறவர்களில் 60 விழுக்காடு ஈப்போ, 10 விழுக்காடு கோலாலம்பூர், பக்கத்திலேயே உள்ளே தள்ளி இருக்கும் ஒரு தோட்டத்துக்கு 0.5 விழுக்காடு என்று வைத்தால், தூரம் முறையே 1.5, 3.3, 6.3. கூப்பிடு தூரத்தில் உள்ள தோட்டத்தைவிடக் கோலாலம்பூர் பக்கம். தைப்பூச வாரத்தில் அது இன்னும் பக்கமாகிவிடும்.

தோட்டப் பட்டணங்களில் ‘எல்லாரும் எல்லாரோடும் கலக்கிறார்கள்’ என்ற அனுமானம் உடைந்துபோகிறது. பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகு நம் குடும்பங்களில் பெரும்பாலானவை தாமான்களுக்கு (பட்டணத்துக் குடியிருப்புகளுக்கு) வந்துவிட்டன. தோட்டத்துக்குள் குலை வெட்டுபவர்களில் பலர் இந்தோனேசியா, வங்காளதேசத்திலிருந்து வந்தவர்கள். ஒரே விடுதியில் நெருக்கமாக இருக்கிறார்கள், வெளியூர் போவது அபூர்வம். ஒரு பிரிவு அதிகம் பயணிக்கிறது, இன்னொன்று அதிகம் நெருங்கி வாழ்கிறது. இரண்டுக்கும் தனிப் பெட்டிகள் போட்டு, இடையில் கடைத்தெருவையும் வேலைத்தளத்தையும் பாலமாக வையுங்கள். ஒரே பெட்டியில் அடைத்தால் அலை முன்கூட்டியே வரும், விடுதிக்குள் நடக்கும் வெடிப்பு தெரியாமலே போகும்.

தொழிற்சாலைப் பேருந்தையும் மறக்கவேண்டாம். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி, வாரம் ஆறு நாள்: 6 மணி நேரம். பத்துமலைக்குப் போய்வரும் நேரமும் 6 மணிதான். திருவிழாப் பேருந்து ஆண்டுக்கு ஒரு தடவை; இது வாராவாரம். எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்தால் சம்பளமோ ஓவர்டைமோ போகும் என்று காய்ச்சலோடு ஏறுகிறவர்களும் இதில்தான் இருக்கிறார்கள். திருவிழாவுக்கு உள்ள தனித்தன்மை, எல்லா மாநிலத்தாரும் ஒரே இடத்தில் கலந்து இரண்டு நாளில் தத்தம் ஊருக்குத் திரும்புவது. புது நோயைக் கொண்டுவர அது வழி. வந்த நோயை ஊருக்குள் வளர்ப்பது அன்றாடப் பேருந்தும் பள்ளி வேனும்.

டிங்கிக்கு இந்தப் பேருந்துக் கணக்கு எதுவும் பொருந்தாது. பத்துமலைப் பக்கம் ஒருவரைக் கொசு கடித்தால் 4 முதல் 7 நாளில் அவருக்குக் காய்ச்சல். அவரை நம் ஊர்க் கொசு கடித்து, அதற்குள் வைரஸ் முதிர 8 முதல் 12 நாள். அது கடித்த அடுத்தவருக்கு மேலும் 4 முதல் 7 நாள். எனவே தைப்பூசம் கழிந்து மூன்று வாரம் ஆகும்போது அக்கம்பக்கத்தில் ஒரே நேரத்தில் காய்ச்சல் தெரிந்தால், பூந்தொட்டித் தட்டையும் வாளியையும் பாருங்கள்.

பேருந்தை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் அந்த 44 பேரும் சொந்தக்காரர் வேனிலும் காரிலும் நெருக்கிக்கொண்டு போவார்கள். அங்கே ஆளுக்குக் கிடைக்கும் இடம் இன்னும் குறைவு. செய்ய வேண்டியது: முன்பணம் கட்டியவருக்குக் காய்ச்சல் என்றால் கேள்வி கேட்காமல் முழுப் பணத்தையும் திருப்பித் தருவோம் என்று பதிவின்போதே சொல்லிவிடுங்கள். பணம் போய்விடுமே என்றுதான் பலர் ஏறுகிறார்கள். கணக்கில் மிகப் பெரிய எண்ணைக் குறைப்பது இந்த ஒன்றுதான். ஏர்கோனை உள்சுற்றில் விடாமல் வெளிக்காற்றில் வைக்க ஓட்டுநரிடம் ஏறுமுன் பேசுங்கள். இருமுகிறவருக்குக் கொடுக்க முகக்கவரி ஒரு பெட்டி வையுங்கள். பெயர், இருக்கை எண், கைப்பேசி எண் அடங்கிய பட்டியலை ஒருவர் பொறுப்பில் 21 நாள் வைத்திருங்கள். சளிக்காய்ச்சல் என்றால் 4 நாளில் தெரிந்துவிடும், கோவிட்டுக்கு 14 நாள், தட்டம்மைக்கு 21. யாருக்காவது நோய் உறுதியானால் மற்ற 43 பேரையும் அன்றைக்கே அழைத்துச் சொல்ல அந்தப் பட்டியல் வேண்டும். கர்ப்பிணிகளையும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களையும் முதலில் அழையுங்கள்.